கழட்டாதீங்கண்ணே, அது லிண்ட் மணி

அண்ணே, அண்ணே, அண்ணே! அந்த ஸ்க்ரூடிரைவர அதுலேருந்து எடுங்க. எடுத்தாச்சா? சரி, அப்படியே நில்லுங்க. ஏணி ஆடுதுல்ல, நான் புடிச்சுக்கறேன். புடிச்சுட்டேன் பாருங்க. இனிமே நான் விட்டாத்தான் நீங்க எறங்க முடியும். நான் சொல்றத முழுசா கேளுங்க. கேட்டுட்டும் கழட்டணும்னு தோணுச்சுன்னா, கழட்டிக்கங்க.

என்னது, "இல்லம்மா"வா? நான் இன்னும் ஒண்ணுமே ஆரம்பிக்கல, அதுக்குள்ள என்ன இல்லம்மா?

நீங்க எதுக்கு வந்துருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். ஆவுடையப்பன் சார் அனுப்பிருக்காரு. மைக்ரோ ப்ராசஸர் லேப் ஆவுடையப்பன். கண்ணாடிய நெத்தியில ஏத்தி விட்டுட்டு கண்ணாடியக் காணோம்னு தேடுவாரே, அவரேதான். இந்த மணியக் கழட்டிப் போட்டுட்டு, பஜார்ல விக்கிற ரெடிமேட் மணி ஒண்ண மாட்டச் சொல்லியிருப்பாரு. அந்தப் பையில இருக்குல்ல? தெரியும்ணே. பேசாதீங்க, நான் முடிச்சுடறேன்.

இப்ப மணி பன்னெண்டே கால். பன்னெண்டு அம்பதுக்கு லஞ்சு மணி. அது அடிக்கறத உங்க காதாலயே கேளுங்க. ஒரு செகண்டு முன்ன பின்ன அடிச்சா நானே ஏறிக் கழட்டித் தரேன். அடிக்கற வரைக்கும் இதுல கை வைக்கக் கூடாது. அவ்ளோதான் கேக்கறேன்.

எம்பேரு அங்கயற்கண்ணி. ஈ.சி.ஈ., ஃபைனல் இயர். பசங்க கண்ணிவெடின்னு கூப்புடுவானுக, ஏன்னே தெரியல. நான் யார் வம்புக்கும் போறதில்லண்ணே. வர்ற வம்ப விடமாட்டேன், அது வேற.

அந்த ஸ்வீட் டப்பாவப் பாத்து சிரிக்காதீங்க. உள்ள இருக்கறது என் ப்ராஜெக்ட், நேரத்துக்குத் தானா காலேஜ் மணி அடிக்கற மெஷின். வெளியில டப்பா வாங்கக் காசில்ல, எங்க அத்தை வீட்டு வளைகாப்புக்கு வந்த மைசூர்பாகு டப்பா அது. எறும்பு வரும்னு அஸ்லம் சொன்னான். எறும்புக்கு எலக்ட்ரானிக்ஸ் புடிக்காதுடான்னேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு எறும்பு வரல. அஸ்லம் யாரா? என் ப்ராஜெக்ட் மேட். ஈயம் உருக்கி வயர் ஒட்டற சால்டரிங் பூரா அவன், ப்ரோக்ராம் பூரா நான்.

இத நீங்க கழட்டிட்டீங்கன்னா என்ன ஆகும் தெரியுமா? திங்கக்கிழமை எனக்கு வைவா. வெளியூர்லேருந்து எக்ஸாமினர் வருவாரு, "எங்கம்மா உன் மாடல், ஓட்டிக் காட்டு"ம்பாரு. நான் செவுத்துல ரெண்டு ஓட்டையக் காட்டணும். ப்ராஜெக்ட்ல ஃபெயில். ஹோசூர்ல ஒரு கம்பெனியில வேலை கெடச்சிருக்குண்ணே, கேம்பஸ்ல எடுத்தாங்க. ஒரு அரியர் இருந்தாக்கூட வேலை கெடையாதுன்னு எழுதியே குடுத்துருக்காங்க. எங்க அப்பா தெருவுல இருக்க கடைசி வீடு வரைக்கும் போய்ச் சொல்லிட்டு வந்துட்டாரு. இப்ப புரியுதா நான் ஏன் ஏணியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்னு?

சார் மோசமானவர்னு நான் சொல்லல. பிடிவாதம். தனக்குத் தெரிஞ்சதுதான் ஒலகம்னு நெனைக்கிற பிடிவாதம். எனக்கு அந்த மாதிரி ஆளுகளக் கண்டாலே ஆகாது.

சண்டை எங்க ஆரம்பிச்சதுன்னா, அசெம்பிளர்ல. உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். அந்த டப்பாக்குள்ள ஒரு சிப்பு இருக்கு. அதுக்கு நம்பரத் தவிர ஒரு எழவும் புரியாது. நாம மனுஷங்க, நம்பராவே எழுதிக்கிட்டிருக்க முடியுமா? அதனால, இத எடு, அங்க வை, ஒண்ணு கூட்டு, சைபரான்னு பாருன்னு குட்டிக் குட்டி உத்தரவா எழுதுவோம். அத நம்பரா மாத்திக் குடுக்கற சாஃப்ட்வேர்தான் அசெம்பிளர். ஊர்ல பத்துப் பதினஞ்சு அசெம்பிளர் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் உத்தரவு எழுதற விதம் வேற வேற.

லேப்ல ஒண்ணு வச்சிருக்காங்க. காசு குடுத்து வாங்குனது. ஒரே ஒரு கம்ப்யூட்டர்லதான் ஓடும், அந்தக் கம்ப்யூட்டரும் சார் சீட்டுக்குப் பக்கத்துல இருக்கு. ஆன் பண்ணிட்டு கேண்டீன் போய் டீ குடிச்சுட்டு வந்தா, அப்பத்தான் கண்ணு முழிக்கும். ஒரு தப்பு பண்ணோம்னா, எச்சரிக்கை, எச்சரிக்கை, எச்சரிக்கைன்னு எங்கம்மா மாதிரி ஒரு பக்கத்துக்குப் பேசும்.

நான் தேடித் தேடி ஒண்ணு கண்டுபுடிச்சேன். லிண்ட்னு பேரு. செக் நாட்டுல எவனோ ஒருத்தன் தனக்காக எழுதி வச்சுக்கிட்டது. ஒலகத்துலயே மொத்தம் ஒரு வேன்ல ஏத்தற அளவு ஆளுகதான் அத வச்சு எழுதறாங்க. சின்னூண்டு சாஃப்ட்வேர், தட்டுனா தட்டுன வேகத்துல முடிச்சுக் குடுத்துரும். அதுல நாம தப்பு பண்ணா என்ன சொல்லும் தெரியுமா? ஒரு கேள்விக்குறி போடும். எந்த வரியில தப்பு, என்ன தப்பு, ஒண்ணும் சொல்லாது. வெறும் கேள்விக்குறி. கோவிச்சுக்கிட்டுப் படுத்துருக்க பொண்டாட்டி மாதிரி இருக்குன்னான் அஸ்லம். முதுகுலயே ஒண்ணு வச்சேன்.

எனக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சுண்ணே. நம்மளப் பாடாப் படுத்தும். ஆனா பொய் சொல்லாது.

மொத ரிவ்யூலயே சார் கேட்டாரு, "என்னம்மா இது, சிலபஸ்ல இல்லாத அசெம்பிளர்?"

"சிலபஸ்ல மணி கூடத்தான் சார் இல்ல"ன்னேன்.

கிளாஸே சிரிச்சிருச்சு. அவரு கண்ணாடிய நெத்தியில ஏத்தி விட்டாரு. "சரி, கமெண்ட் எங்க?" வரிக்கு வரி பக்கத்துல, இது என்ன செய்யுதுன்னு ஒரு குறிப்பு எழுதணுமாம், அதுக்குப் பேரு கமெண்ட். "எனக்குத்தான் தெரியுமே சார், எதுக்கு எழுதணும்?"னேன். "உனக்குத் தெரியும். எனக்கு?" "நீங்க சார். உங்களுக்குத் தெரியாததா?"

மரியாதையாத்தாண்ணே சொன்னேன். அவரு ஏன் அப்படி மொறச்சாருன்னு இன்னைக்கும் புரியல.

மணி நல்லாத்தான் அடிச்சுது. முன்னாடியெல்லாம் அட்டெண்டர் சேவுகண்ணன்தான் சுவிட்ச அமுக்கணும். அவரு பேங்குக்குப் போயிட்டா அந்த பீரியடு முடியவே முடியாது. நான் மாட்டுனதுக்கு அப்புறம் டாண்ணு அடிச்சுது. பிரின்சிபால் என்னக் கூப்ட்டு, "குட்"டுன்னாரு. எங்க பிரின்சிபால் வாயிலேருந்து அந்த வார்த்தை வர்றது தேர் எடம் நகர்ற மாதிரி.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை வந்துச்சு.

இத எல்லாரும் உங்ககிட்ட தப்பாத்தான் சொல்லியிருப்பாங்க. நான் சொல்றேன் கேளுங்க. சனி, ஞாயிறு லீவு. அதனால அந்த ரெண்டு நாளும் மணி அடிக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தேன். இதுல என்ன தப்பு? மழை லீவ ஈடு கட்டறேன்னு திடீர்னு சர்க்குலர் விட்டாங்க. இந்தச் சனிக்கிழமை காலேஜ் உண்டு, மண்டே ஆர்டர். சனிக்கிழமைய திங்கக்கிழமைன்னு நெனைச்சுக்கணுமாம்! மனுஷங்க நெனைச்சுக்குவாங்க. சிப்பு எப்படிண்ணே நெனைக்கும்? அதுக்கு யாரு சர்க்குலர் அனுப்புனது?

மணி அடிக்கல. மொத பீரியடு எங்களுக்கு மேத்ஸ் மேடம். அவங்க மணி அடிச்சாத்தான் போர்டுலேருந்து திரும்புவாங்க. அடிக்கவே இல்லையா, அவங்க பாட்டுக்கு எழுதிக்கிட்டே போறாங்க. ஒரு யூனிட்டையே முடிச்சுட்டாங்கண்ணே! எல்லா கிளாஸ்லயும் அதே கதி. மணி அடிக்காம வெளிய போறதுக்கு இங்க எவனுக்கும் தைரியம் கெடையாது. கடைசி பெஞ்சுல ஒருத்தன் பென்சில் சீவுன தூள மோந்து பாத்துக்கிட்டிருந்தான், பசியில. கேண்டீன்காரர் போட்ட வடையெல்லாம் ஆறிப் போய், அவரே எங்க பிளாக்குக்கு வந்து ஜன்னல் வழியா, "என்னப்பா, இன்னைக்கு யாரும் சாப்புடறதில்லையா?"ன்னு கேட்டாரு. அப்பத்தான் காலேஜுக்கே உயிர் வந்துச்சு.

இதுக்கு என் மேல பழி போட்டாங்க. ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்ட்டு வச்சு, அத்தனை பேருக்கும் முன்னாடி சார் கேக்கறாரு, "சனிக்கிழமைய மாத்தணும்னா யாரு மாத்தறது? உன்னத் தவிர இந்த லிண்ட எவனுக்கும் தெரியாது. நீ மே மாசம் பெட்டியக் கட்டிருவ. அப்புறம் இந்த மணிய யாரு மேய்க்கிறது?"

"கத்துக்கங்க சார். ஸ்டூடண்ட்கிட்டேருந்து ஸ்டாஃப் கத்துக்கக் கூடாதுன்னு யுனிவர்சிட்டி ரூல் எதும் இருக்கா?"

"மேனுவல் குடு."

குடுத்தேன். செக் பாஷையில இருக்கு. ரெண்டு பக்கம் பொரட்டுனாரு. தலைகீழாப் புடிச்சுப் பாத்தாரு. பக்கத்துல ஹெச்.ஓ.டி. மேடம் சிரிப்ப அடக்க முடியாம டிபன் பாக்ஸுக்குள்ள மூஞ்சிய விட்டுக்கிட்டாங்க.

அப்ப நான் சொன்னேன், "புரியலைன்னா கூச்சப்படாமக் கேளுங்க சார்."

இதுலயும் நான் மரியாதையாத்தான் பேசுனேன்.

உண்மையச் சொல்லணும்னா, இந்தக் காலேஜ்ல யாருக்கும் கத்துக்கற ஆர்வமே இல்லண்ணே. செகண்ட் இயர்ல தேன்மொழின்னு ஒரு புள்ள. அக்கா அக்கா, எனக்கு லிண்ட் சொல்லிக் குடுங்கக்கான்னு வந்துச்சு. மேனுவல் இருக்குல்ல, படின்னேன். செக் தெரியாதேக்கான்னுச்சு. எனக்கு மட்டும் எங்க ஆத்தா செக்லயா தாலாட்டுப் பாடுச்சுன்னேன். கண்ணு கலங்கிப் போய்ட்டுது. திரும்பி வரவே இல்ல. அவ்ளோதான் இவங்க ஆர்வம். நான் ஒரு ஆளா எத்தனை பேருக்குத்தான் மல்லுக்கட்டறது?

மணி என்ன ஆச்சு? இருபத்தஞ்சா? ஏணி நல்லாப் புடிச்சிருக்கேன், பயப்படாதீங்க. என்ன, கால் வலிக்குதா? ஒரு கால மாத்தி வைங்க. இருங்க, முக்கியமானதே இனிமேதான்.

இந்த மாசத்துலேருந்து வெள்ளிக்கிழமை மட்டும் லஞ்சு சீக்கிரம் விடறதுன்னு முடிவு பண்ணாங்க. பன்னெண்டு முப்பதுக்கு. ஜும்மா தொழுகைக்குப் போற பசங்க கேட்டிருந்தாங்க. நம்ம அஸ்லமும்தான். பள்ளிவாசல் மெயின் ரோட்டு மேல, நடந்து போய் வரணும்ல. நியாயமான விஷயம். ரெண்டு வரி சேத்தா முடிஞ்சுது. எனக்கு சோறு திங்கற நேரம் கூட ஆகாது.

ஆனா கேக்கறதுக்குன்னு ஒரு விதம் இருக்குல்ல? சார் கிளாஸ்ல வந்து, "பாப்போம், நம்ம அங்கயற்கண்ணியோட அதிசய மணிக்கு வெள்ளிக்கிழமைன்னா என்னன்னு தெரியுதான்னு"ன்னாரு. எல்லாரும் கெக்கேபிக்கேன்னு சிரிக்கறாங்க. என் மூஞ்சி எப்படி இருந்துருக்கும்? முடியாது சார்னுட்டேன். இன்னொருத்தர் மாத்தட்டும்னுட்டேன்.

அஸ்லம் வந்தான். "ஏய், அவருக்கும் ஒனக்கும் சண்டைன்னா நான் என்னடி பண்ணேன்? போன வாரம் கிளாஸ் முடியறதுக்குள்ள பின்வாசல் வழியா ஓடுனேன். அட்டெண்டன்ஸ் போச்சு."

"கொள்கைடா"ன்னேன்.

"கொள்கையும் இல்ல, கொடக்கூலியும் இல்ல. திமிரு"ன்னான். நாலு நாளாப் பேசல. நான் சால்டர் பண்ணதத் திருப்பிக் குடுன்னு கூடச் சொல்லிட்டான். பேசாட்டிப் போறான். அவனுக்கு என்ன தெரியும்? இப்ப நான் ரெண்டு வரி மாத்திட்டேன்னு வைங்க, சார் சொன்னதுக்குப் பணிஞ்ச மாதிரி ஆயிரும்ல? சரி, அஸ்லமுக்காகத்தான் மாத்துனேன்னு சொல்லலாம். ஆனா அது அவருக்குத் தெரியாதே!

அப்பத்தான் சார் சொன்னாரு, "நீ மாத்தித் தரலைன்னா நான் கழட்டிட்டு கடை மணி மாட்டிருவேன்." முந்தாநாளு லேப் பக்கமாப் போறேன், போன்ல பேசிக்கிட்டிருக்காரு, "வெள்ளிக்கிழமை வந்துருங்க. ஏணி இங்கயே இருக்கு." கேட்டுச்சா? அந்த வெள்ளிக்கிழமைதான் இது. அந்த ஏணிதான் இது. அதனால "இல்லம்மா"ன்னு ஆரம்பிக்காதீங்க.

கழட்டறவரு நேராக் கழட்ட வேண்டியதுதான? அதுக்கு முன்னாடி ஒரு வாரமா என்ன வெறுப்பேத்திட்டாருண்ணே. ப்ராஜெக்ட் ஃபைல்னு சொல்லி, நான் எழுதுன ப்ரோக்ராம் மொத்தத்தையும் பென் டிரைவ்ல வாங்கிக்கிட்டாரு. எதுக்கு? குத்தம் கண்டுபுடிக்க. செவ்வாக்கிழமை வராண்டாவுல நிறுத்திக் கேக்கறாரு, "ஏம்மா, ஒன் லிண்ட்ல வரி ஆரம்பத்துல ஒரு புள்ளி வருதே, அது எதுக்கு?"

நக்கலப் பாருங்க! நான் விடுவேனா? "புள்ளி வச்சாத்தான சார் கோலம் போட முடியும்"னேன்.

அவரு கோவிச்சுக்கல. "கோலமா..."ன்னு முணுமுணுத்துக்கிட்டே போனாரு. போயிட்டுத் திரும்பி வந்து, "ரெண்டு புள்ளி வச்சா?"ன்னாரு. நான் பாட்டுக்கு கேண்டீனுக்குப் போயிட்டேன். புதன்கிழமை பாத்தா கண்ணு ரெண்டும் செக்கச்செவேல்னு இருக்கு. மெட்ராஸ் ஐ போல, ஒட்டிக்கப் போவுதுன்னு தள்ளியே நின்னேன். தேன்மொழி அவர் லேப்லேருந்து வெளிய வருது, கையில ரெண்டு டீ கிளாஸு. என்னப் பாத்ததும் சிரிக்குது. சிரிக்கட்டும். எதிரிங்க எல்லாம் ஒண்ணு சேந்துட்டாங்கன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு எனக்கு.

அதனாலதாண்ணே சொல்றேன். பன்னெண்டு அம்பது வரைக்கும் பொறுங்க. அது அடிக்கும். லிண்ட்ல எழுதுனது பொய் சொல்லாது. நீங்க எத வேணா நம்பாம இருங்க, அந்த மணிய நம்புங்க, நான் சொன்ன நேரம் அது...

ஆத்தீ!

என்னண்ணே பண்ணீங்க? ஏன் இப்ப அடிக்குது? எதத் தொட்டீங்க? தொடலையா? மணி என்ன? முப்பதா? முப்பதுக்கு எப்படி அடிக்கும்? அம்பதுக்குத்தான எழுதுனேன்! ஐயோ, போச்சு, எல்லாக் கிளாஸும் வெளிய வருது. திங்கக்கிழமை எக்ஸாமினர் முன்னாடியும் இப்படி அடிச்சுதுன்னா... அண்ணே, யாருகிட்டயும் சொல்லிராதீங்க. எங்கயோ வயர் லூசு. அது அஸ்லம் சால்டரிங். நான் அப்பவே சொன்னேன்...

டேய் அஸ்லம்! எங்கடா ஓடற? நில்லுடா! மணி தப்பா அடிச்சிருக்குடா!

என்ன? என்னது? கேக்கல!

...வெள்ளிக்கிழமையா?

அண்ணே, அவன் என்ன சொல்லிட்டு ஓடறான்? "வெள்ளிக்கிழமைடி, சார் மாத்திட்டாரு, தொழுதுட்டு வரேன்"னா? அப்படித்தான் கேட்டுச்சா உங்களுக்கும்?

சார் மாத்திட்டாரா. எத? எப்படி? லிண்ட் தெரியாம இத மாத்தவே முடியாது. சும்மா ஒரு எழுத்து தப்பினாலும் கேள்விக்குறி போட்டு சாவடிச்சிரும். கமெண்ட் கூடக் கெடையாதே அதுல. எந்த வரி எதுக்குன்னு எனக்கே சில எடத்துல... அத விடுங்க. மேனுவல் செக்ல இருக்கு. அவரு தலைகீழாப் புடிச்சுப் பாத்த மனுஷன்!

நீங்க ஏண்ணே சிரிக்கறீங்க? சொல்லுங்க. இப்ப சொல்லுங்க. நான் பேசல. வாயத் தொறக்கல. நீங்க பேசுங்க.

ம்.

ம்ம்.

கழட்ட வரலையா? சார் நேத்து சாயங்காலமே இந்தச் சிப்புல மாத்துன ப்ரோக்ராம ஏத்திட்டாரா? அப்ப ஏன் டப்பாவத் தொறந்தீங்க? எப்படி மாட்டியிருக்குன்னு பாத்துட்டு வரச் சொன்னாரா. எதுக்கு? பையத் தொறங்க பாப்போம். ஐயோ, இது என்ன, இன்னொரு டப்பா. இதுவும் ஸ்வீட் டப்பாதான்! அல்வா. லேடீஸ் ஹாஸ்டலுக்கா? இதே மாதிரி ஒண்ணு செஞ்சு, இதே ப்ரோக்ராமப் போட்டுக் குடுத்தாரா? ஆவுடையப்பன் சாரா? அந்தப் பொண்ணும் கூட ஒக்காந்து படிச்சுதா, தேன்மொழி? செக் வார்த்தை ஒவ்வொண்ணா டிக்‌ஷ்னரியில பாத்துச் சொல்லுச்சா?

இத மொதல்லயே சொல்றதுக்கு என்னண்ணே உங்களுக்கு?

சரி, சரி. நான் விடல. ஒத்துக்கறேன்.

அவரு என்னப் பத்தி ஏதும் சொன்னாரா? சும்மா கேக்கறேன். "நல்லா எழுதியிருக்கா, ஒரு வரிக்கு ஒரு நாள் ஆச்சு படிக்க"ன்னாரா? நெசமா? அப்படியேவா சொன்னாரு? வேற ஒண்ணும் சேத்துச் சொல்லலியே? "வாய்தான் கொஞ்சம்"னாரா. அது இருக்கட்டும்.

இருந்தாலும் பாருங்கண்ணே, என்னக் கேக்காம என் ப்ரோக்ராம்ல கை வச்சிருக்காரு. நியாயமா இது? வரிக்கு வரி கமெண்ட் போட்டு ரொப்பியிருப்பாரு, எனக்குத் தெரியும். அந்த வெள்ளிக்கிழமைக்கு ஆறேழு வரி எழுதியிருப்பாரு. ரெண்டு வரியில முடிக்கலாம், ரெண்டே வரியில! சனிக்கிழமைய மாத்த ஒரு சுவிட்ச் வேற வச்சிருக்காரா? சுவிட்சா? சிப்புக்குள்ளயே பண்ண வேண்டியத சுவிட்ச் வச்சுப் பண்ணிருக்காரே, இந்தாளு!

இத இப்படியே விட்டா, திங்கக்கிழமை எக்ஸாமினர் பாத்துட்டு நான் எழுதுனதுன்னு நெனைச்சுக்குவாரு. விடக் கூடாது. நான் போறேன் லேபுக்கு. நாலு வருஷத்துல மொத தடவையாண்ணே, இந்தக் காலேஜ்ல லிண்ட்ல என்கூடச் சண்டை போட ஒரு ஆளு கெடச்சிருக்கு.

ஏணிய விட்டுட்டேன், பாத்து எறங்குங்க. லஞ்சு இன்னைக்கு இருபது நிமிஷம் சீக்கிரம் விட்டாச்சுல்ல? போதும். ஆரம்பிக்க அது போதும்.